தசமம் சாரின் ரகசிய எண்

பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பது நாற்பதுக்கும் தலைமையாசிரியை அறையில் வினாத்தாள் பெட்டி திறந்தபாடில்லை. அதன் எதிரே கணக்கு ஆசிரியர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

பள்ளியில் அவருக்குப் பெயர் 'தசமம்'. அரை நாள் லீவு கேட்டால்கூட '0.5 நாள்' என்றுதான் எழுதுவார்.

பெட்டிக்கு நாலு இலக்க எண்பூட்டு. போன வாரம் அது புதிதாக வந்தபோது யோசனை சொன்னவரும் அவரேதான்.

"பிறந்த தேதி, வண்டி நம்பரெல்லாம் யார் வேணா கண்டுபிடிச்சிடுவாங்க மேடம். நீங்க மனசுல ரெண்டு இலக்க எண் ஒண்ணு நினைச்சுக்குங்க. ஒண்ணை அதால வகுங்க. புள்ளிக்கு அப்புறம் வர்ற பூஜ்யத்தைத் தள்ளிட்டு, முதல் நாலு இலக்கத்தைப் பூட்டுல வைங்க. பதிமூணுன்னா 7692. பதினேழுன்னா 5882. எவனால முடியும்?"

தலைமையாசிரியை அம்மாள் பொத்தான்களை அமுக்கும்போது, தசமம் நேர்மையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியும் நின்றார்.

இன்று காலை பார்த்து அந்த அம்மாளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. அவர் பல் டாக்டரிடம் போக, பெட்டி தசமத்தின் தலையில் விழுந்தது.

"பத்து மணிக்குத் தாள் பிள்ளைங்க கையில இருக்கணும்," என்றார் மேற்பார்வைக்கு வந்த கல்வி அதிகாரி. "இல்லேன்னா தேர்வு ரத்து. யாரால ரத்துன்னும் எழுதிடுவேன்."

துணைத் தலைமையாசிரியர் பதவிக்குத் தசமத்தின் பெயரை எழுத வேண்டியவரும் அவர்தான். பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கும் பதவி.

"மேடம் வயசு அம்பத்தி நாலு. அதைத்தான் நினைச்சிருப்பாங்க," என்று 1851 அமுக்கினார் தசமம். பூட்டு 'கீ' என்றது.

"அம்பத்தி நாலா?" வாசலில் நின்ற ட்ரில் மாஸ்டர் வாயைப் பிளந்தார். "எங்ககிட்ட அம்பத்தி ஒண்ணுன்னுல்ல சொல்லியிருக்காங்க!"

1960. மறுபடியும் 'கீ'.

"சார், மூணாவது தடவை தப்பாச்சுன்னா கத்தும் சார்."

"நீங்க சும்மா இருங்க. இது விசில் ஊதுற வேலையில்லை."

தசமம் மேடத்துக்குப் போன் போட்டார். எடுத்தது பல் டாக்டரின் உதவியாளர்ப் பெண்.

"அவங்க வாய் நிறையப் பஞ்சு சார். பேச முடியாது."

"தலையை ஆட்டினாப் போதும்மா. பெட்டிக்கு நினைச்ச எண் அம்பதுக்குக் கீழயான்னு கேளுங்க."

"இல்லைன்னு ஆட்டுறாங்க."

"அம்பதுக்கு மேலயா?"

"அதுக்கும் இல்லைங்கறாங்க. ரொம்ப வேகமா ஆட்டுறாங்க சார்."

"கீழயும் இல்லை, மேலயும் இல்லை. அப்போ அம்பதேதான்!" போனை வைத்துவிட்டு 2000 அமுக்கினார் தசமம்.

பூட்டு ஊரைக் கூட்டியது. தேர்வறையில் இருந்த நாற்பது பிள்ளைகளும் தீப்பிடித்துவிட்டது என்று மைதானத்துக்கு ஓடினார்கள். ட்ரில் மாஸ்டர் அவர்கள் பின்னால் ஓடினார். இனி ஐந்து நிமிடத்துக்குப் பூட்டைத் தொட முடியாது.

"பிரமாதமா நடத்துறீங்க," என்றார் அதிகாரி.

தசமம் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிட்டார். "எல்லா எண்ணையும் வரிசையாப் போட்டுப் பார்த்துடலாம் சார். மிஞ்சிப் போனா 2.33 மணி நேரம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முப்பத்திநாலு வரை கணக்குப் போட்டு முடித்தபோது, பிள்ளைகளைத் தேர்வறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ட்ரில் மாஸ்டர் மூச்சிரைக்க வந்தார். மணி ஒன்பது ஐம்பத்தாறு.

"இன்னுமா திறக்கலை? தள்ளுங்க சார். எனக்குத் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான்!" இருபது வருடமாக மைதானத்தில் கத்தியதையே கத்திக்கொண்டு அமுக்கினார். "ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!"

பெட்டி திறந்துகொண்டது.

பத்து அடிக்கும்போது தாள்கள் பிள்ளைகள் கையில் இருந்தன.

"அப்போ உங்க வகுத்தல், கிகுத்தல் எல்லாம்?" என்று இழுத்தார் அதிகாரி.

தசமம் கால்குலேட்டரைத் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒண்ணை எண்பத்தொண்ணால வகுத்தேன் சார். 0.0123456! பூஜ்யத்தைத் தள்ளினா 1234! பார்க்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வெச்ச நம்பர் மாதிரி இருக்கு, உள்ளே எவ்வளவு பெரிய கணக்கு! மேடம் என்னையே தூக்கிச் சாப்பிட்டுட்டாங்க!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரிக்கும் புல்லரித்தது. "எல்லாப் பள்ளிக்கும் இதையே சொல்லிடலாம் போலிருக்கே," என்று துணைத் தலைமையாசிரியர் பதவிக்கான தாளை எடுத்துத் தசமத்தின் பெயரை எழுதினார். கையெழுத்துதான் பாக்கி.

போன் அடித்தது. தசமம் பெருமையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பல் டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசறேன். மேடம் ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க, அப்படியே படிக்கிறேன்: 'நீங்க சொன்ன வகுத்தல் எனக்குப் புரியலை, கேக்கவும் வெட்கமா இருந்துச்சு. அதனால சும்மா அமுக்குற மாதிரி அமுக்கிட்டு, கடையிலேர்ந்து வந்த நம்பரையே விட்டுட்டேன்.'"