காலியாக விடச் சொன்ன கட்டம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

பொருள்: தங்கள் தங்கை ஒன்பது நாளாக என்னுடன் பேசாதிருப்பது – தங்கள் தலையீட்டை வேண்டுவது – தொடர்பாக.
பார்வை: தாங்கள் போனில் சிபாரிசு செய்த டிராவல் ஏஜென்ட்.

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். விசாரித்து, பதில் வந்து, அதற்குப் பிறகு என் கஷ்டத்தைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இங்கே உங்கள் தங்கை சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள், ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் நான் உப்பு ஜாடியைப் பார்த்துக் கேட்கிறேன், ஜாடி என் பக்கம் நகர்ந்து வருகிறது. இப்போதைக்கு எங்கள் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான் மச்சான். கோபத்தில் சொல்லவில்லை, பார்வையில் குறிப்பிட்டபடி சொல்கிறேன். கல்யாணமான புதிதில் உங்கள் தங்கைக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தது உங்களுக்கும் தெரியும். கடற்கரையில், தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் ஒரு முழு மாலை அவள் பக்கத்தில் உட்காருவது. அவள் கேட்டது அது ஒன்றுதான். முப்பத்திரண்டு வருடம் படிவச் சரிபார்ப்புப் பிரிவில் தலையைக் குனிந்தவன், ஏழு மாதத்துக்கு முன்பு ஓய்வு பெற்றுத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்ததும், 'கடல் எங்கே?' என்று கேட்டாள். நீங்கள் உடனே, 'நம்ம ஏஜென்ட் ஒருத்தர் இருக்கார், வெளிநாட்டுத் தீவு, நாலு நாள் பீச், நாம விரலைக்கூட அசைக்க வேண்டாம்' என்றீர்கள். விரலை அசைக்க வேண்டாம் என்றீர்களே, அந்த விரல்தான் என்னைக் கெடுத்தது.

ஏஜென்டின் அலுவலகம் செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவர் முழுக்க நீலக் கடல் படம், அதன் ஒரு மூலை உரிந்து மின்விசிறிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். நல்ல படிவம், குறை சொல்ல மாட்டேன். மூன்று பக்கத்தை மளமளவென்று முடித்தேன். நாலாம் பக்கத்தின் கடைசியில் 'குழுப் பொறுப்பாளர்: பெயர், கையொப்பம்' என்று ஒரு கட்டம்.

"இது யாரு எழுதணும்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல சார், சும்மா ஒரு கட்டம். நீங்க காலியாவே விட்டுருங்க" என்றார்.

காலியாக விடுவதா! என்னிடம் சொல்கிற பேச்சா இது? காலியாக விட்டவர்கள் எத்தனை பேரை நான் மாடிப்படி ஏறி இறங்க வைத்திருக்கிறேன்! 'வேறு பெயர் ஏதேனும் உண்டா' என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் வந்த ஒருவரை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன், நாலாவது தடவை அவர் வரவில்லை, வக்கீல் வந்தார். சரி, 'பொருந்தாது' என்று எழுதலாமென்றால் கையொப்பக் கட்டத்தில் அதை எப்படி எழுதுவது? கோடு போடலாமென்றால் கையெழுத்துப் போடத் தெரியாத ஆள் என்று ஆகிவிடும். பெயரை எழுதினேன், கையெழுத்தைப் போட்டேன், கேட்காத தேதியையும் அடியில் போட்டேன். உங்கள் தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம்.

விமான நிலையத்தில் ஏஜென்டின் ஆள் ஒருவர் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு மரியாதை என்று நான் உங்கள் தங்கையைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் அந்த அட்டையை என்னிடம் கொடுத்து, ஒரு மஞ்சள் கொடியையும் ஒரு விசிலையும் பெயர்ப்பட்டியலையும் அதன் மேல் வைத்து, "பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க சார்" என்றார். யாரை என்று கேட்டேன். எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். பத்துப் பேர் பெட்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். வழிகாட்டி வரமாட்டாரா என்றதற்கு, படிவத்தின் நாலாம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்தேதான், தேதியோடு. என் கையெழுத்தை நானே இல்லை என்று சொல்வேனா மச்சான்?

அந்தப் பத்துப் பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, ஒரு பல் டாக்டர், எந்நேரமும் தலையில் பெரிய வைக்கோல் தொப்பியோடு இருந்த ஒருவர் (தூங்கும்போதும், நானே பார்த்தேன்), மீதி ஆறு பேர் ஒரே குடும்பம், ஆறு பேருக்கும் ஒரே பூப்போட்ட சட்டை. தலையை எண்ணுகிறவனுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். நாங்கள் இருவரும் சேர்ந்து பன்னிரண்டு.

ஓட்டலுக்குப் போய் இறங்கிய பத்தாவது நிமிஷம் புதுப்பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அவர்களுக்குக் கொடுத்த அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் ஒரு முக்காலி. விசாரித்தால், அவர்களுக்கென்று ஏற்பாடு செய்த அகலக் கட்டில், மெத்தை மேல் பூவெல்லாம் தூவி, தொப்பிக்காரர் அறையில் இருந்தது. அவர் நடுவில் படுத்திருந்தார். "எனக்குக் குடுத்ததை நான் எதுக்கு சார் விட்டுக் குடுக்கணும்? எனக்கும் பூ பிடிக்கும்" என்றார். நான் இரு தரப்பிடமும் எழுத்து மூலம் மனு வாங்கி, விசாரித்து, உத்தரவு போட்டு, பெட்டிகளை மாற்றி முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. உங்கள் தங்கை அதற்குள் குளித்து, உடை மாற்றி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடற்கரையில் போய் நீட்டிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை எல்லோரும் கடலில் இறங்கினார்கள். நான் கரையில் கொடியோடு நின்றேன். பொறுப்பு என்று வந்துவிட்டால் அரைமணிக்கு ஒரு தடவை எண்ணாமல் முடியுமா? விசில் ஊதினேன், எல்லோரும் கரையேறி வரிசையில் நின்றார்கள், எண்ணினேன், பதினொன்று வந்தது. நானும் மனைவியும் போகப் பத்துதானே வர வேண்டும்? மறுபடி எண்ணினேன், பதினொன்று. கடைசியில் நின்றவர் எந்த தேசத்துக்காரரோ தெரியவில்லை, அவர் பேச்சு எனக்கும் என் பேச்சு அவருக்கும் ஒரு எழுத்து விளங்கவில்லை, விசில் சத்தம் கேட்டதும் பயந்துபோய் வந்து நின்றிருக்கிறார். போகச் சொல்லிக் கையை ஆட்டினேன், அதை டாட்டா என்று நினைத்து அவரும் ஆட்டினார். அதற்குப் பிறகு அன்று முழுக்க, நான் விசில் ஊதும்போதெல்லாம் முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். மறுநாள் காலைச் சாப்பாடும் எங்கள் மேசையில்தான். சாப்பிட்டு முடித்ததும் அவருடைய மனைவி வந்து காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போனாள். போகும்போது அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்றுதான் படகுச் சவாரி. உங்கள் தங்கை தலைவலி என்று கரையிலேயே இருந்துவிட்டாள். நாங்கள் பதினோரு பேரும் மிதவைச் சட்டை மாட்டிப் படகில் ஏறி உட்கார்ந்தோம். படகோட்டி ஒரு பதிவேட்டை நீட்டினார். அதில் 'புறப்பட்ட நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார். புறப்படும் நேரத்தைத் திரும்பி வந்து எழுதுவதா? அப்படி விட்டுத்தான் உலகம் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. நான் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பேனா தேடிக் குடிசைக்குப் போனார், அங்கே பேனா இல்லை, ஓட்டலுக்குப் போனார், பேனா கொண்டுவந்தார், அது எழுதவில்லை, மறுபடி போனார். கடைசியில் நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதி நான் கையெழுத்தும் போட்ட பிறகு பார்த்தால், கடல் உள்ளே போய்விட்டது. படகு மணலில் அழகாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் பதினோரு பேரும் மிதவைச் சட்டையோடு அதற்குள் உட்கார்ந்திருந்தோம். பூப்போட்ட சட்டைக் குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டது. பல் டாக்டர் மட்டும் இறங்கும்போது என் தோளைத் தட்டி, "எப்பவாவது ஒருநாள் உங்களுக்குப் பல்வலி வரும் சார். அப்ப பாத்துக்கறேன்" என்றார். கரையைப் பார்த்தேன். உங்கள் தங்கை புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு மனசு பதறிவிட்டது.

அதனால் கடைசி நாள் மாலை எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் போனேன். தண்ணீர் வந்து தொடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க, உக்காருங்க. காலை நனைங்க" என்றாள். செருப்பைக் கழற்றினேன். ஒரு செருப்பைத்தான் கழற்றினேன் மச்சான். புது மாப்பிள்ளை ஓடிவந்து, "சார், தொப்பிக்காரரைக் காணோம்!" என்றான். நான் அவளிடம், "ரெண்டே நிமிஷம்" என்றேன். ஓட்டல் முழுக்கத் தேடி, கடைத்தெருவில் தேடி, ஒரு காலில் செருப்போடு ஓடி, கடைசியில் ஆளைப் பார்த்தால், மறுநாள் போக வேண்டிய பஸ்ஸில் நல்ல சீட்டாகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். நான் திரும்பி வந்தபோது வெளிச்சம் போய்விட்டது, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள், என் இன்னொரு செருப்பையும் கடல் கொண்டுபோயிருந்தது. அவள் எழுந்து அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இந்த மௌனம்.

உங்களிடம் மறைப்பானேன், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் வந்து, 'சார், இதுக்கு என்ன செய்யலாம்?' என்று கேட்டதில்லை. அந்த நாலு நாளும் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதனால்தான் 'ரெண்டே நிமிஷம்' என்று ஓடினேன். முப்பத்திரண்டு வருடமாகக் காத்திருந்தவளை உட்கார வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு தொப்பிக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் மனம் இளகுவதற்கு நான் செய்யாதது இல்லை. காலைக் காப்பி நான்தான் போடுகிறேன், துணி நான்தான் மடிக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள். ஆகவே இக்கடிதம் கண்டவுடன் தாங்கள் நேரில் வந்தோ போனிலோ அவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, என்னோடு பேச வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏஜென்டின் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும். எல்லோரும் கூடி இருங்கள், பேசிக்கொண்டு இருங்கள்.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவர்
(முன்னாள் தலைமை எழுத்தர், படிவச் சரிபார்ப்புப் பிரிவு)

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க இதை உங்கள் தங்கையிடமே கொடுத்தனுப்புகிறேன், ஆனால் கவலை வேண்டாம். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பேன். யாரும் பிரித்திருக்க முடியாது.

இன்னொரு பின்குறிப்பு: அண்ணா, நான்தான். பிரித்துவிட்டேன். இது புது உறை. குறுக்கே இருக்கிற கையெழுத்தும் நான் போட்டதுதான், பையனுடைய மதிப்பெண் அட்டையில் பன்னிரண்டு வருடம் அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை. முதலில், ஏஜென்டை ஒன்றும் சொல்லாதீர்கள், பாவம். அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னது நான். 'அவர் எழுதலைன்னா என்னம்மா பண்றது?' என்று பயந்தார். காலியாக விடச் சொல்லுங்கள், அது போதும் என்றேன். பின்னே என்ன அண்ணா? ஓய்வு பெற்ற நாளிலிருந்து சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் வரிசை எண் ஒட்டி, அலமாரியில் பட்டியல் ஒட்டி, ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒரு நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வைத்திருந்தார். நாலு நாள் அவர் வேறு யாரையாவது எண்ணட்டும் என்று நினைத்தேன். சொர்க்கம்தான் போங்கள். படகில் உட்கார்ந்திருந்தாரே, அன்றைக்கு அழவில்லை, சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கடைசி நாள் மாலை மட்டும் நிஜமாகவே கோபம் வந்தது. ஆனால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் பத்துப் பேரும் அவர் கையைப் பிடித்து விடவே இல்லை, அந்தத் தொப்பிக்காரர் உட்பட. அவர் முகத்தைப் பார்த்தேன். என் கோபம் அங்கேயே போய்விட்டது. போய்விட்டதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் நான் பேசாத மூன்றாம் நாள் டப்பாக்களில் ஒட்டியிருந்த எண்ணையெல்லாம் அவரே சுரண்டி எடுத்தார். ஆறாம் நாள் அலமாரிப் பட்டியல் போனது. இன்னும் ஃப்ரிட்ஜ் நோட்டு ஒன்றுதான் பாக்கி. ஆகவே இந்த வாரம் நீங்கள் வரவும் வேண்டாம், போன் பண்ணவும் வேண்டாம். அடுத்த வாரம் வந்து நன்றாகப் புத்தி சொல்லுங்கள் அண்ணா, உடனே கேட்டுக்கொள்கிறேன்.