சபரிநாதனின் வேகப் பரிசு

முப்பதடி தூரம். ஒரே ஒரு பட்டாசுப் பெட்டி. அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, சாமி சப்பரம் வருவதுபோல் வந்துகொண்டிருந்தார்கள். சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்தான். நான்கு நிமிடம்.

"ஏன், ஒரே ஆள் இழுத்துட்டு வந்தா ஆகாதா?"

"இழுக்கக் கூடாதுங்க மாப்பிள்ளை. மெதுவாத்தான் வரணும்," என்றார் ஃபோர்மேன் காளீஸ்வரன்.

மெதுவா! சிங்கப்பூரில் பிறந்து, அங்கேயே ஒரு பெரிய கிடங்கை நிர்வகித்து, பிரீத்திகாவைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்த இந்த இரண்டு மாதத்தில் அவன் அதிகம் கேட்ட சொல் அதுதான். அவனுக்கு இது வெளிநாடு. வெளிநாட்டில் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும், அதற்காக இப்படியா? பக்கத்து ஏழாயிரம்பண்ணையில் இருந்த பட்டாசுக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாமனார் சங்கரபாண்டியனிடம், "ஆடிப் பதினெட்டுக்குள்ள லோடு கிளம்பிரும் மாமா, நானாச்சு" என்று மார் தட்டியிருந்தான். கிளம்பாவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் விருதுநகரில் ஓர் இரும்புத் தள்ளுவண்டி வாங்கி வந்தான். சாயங்காலம் பார்த்தால் அது வெளிவாசலில் நிற்கிறது, மேலே மூன்று தண்ணீர்க் குடங்களோடு. இரும்புச் சக்கரம் உள்ளே வரக் கூடாதாம்.

அடுத்தது, அறை வாசலில், தரைக்குள் இறங்கும் கம்பியோடு இருந்த செம்புத் தகடு. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் நின்று, அதில் கையை வைத்துவிட்டுத்தான் போனார்கள். தொட்டுக் கும்பிடுவதற்கும் ஒரு நேரங்காலம் இல்லையா என்று கொதித்து, அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பூஜை மாடத்தில் வைத்தான். அவ்வளவுதான், முப்பது பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். காளீஸ்வரன் அதைத் திரும்பப் பொருத்தி முடிப்பதற்குள் அரை நாள் போயிற்று.

கடைசியில் எல்லாரையும் கூட்டினான். "இந்த வாரம் யார் வேகமா பெட்டி கட்டுறீங்களோ அவங்களுக்குக் குக்கர் பரிசு. அவங்க படம் ஆபீஸ் சுவத்துல மாட்டப்படும்."

குக்கர் என்றதும் மலர்ந்த முகங்கள், படம் என்றதும் வாடிவிட்டன. ஒருவரும் கை தட்டவில்லை.

வேலை இன்னும் மெதுவானது. பக்கத்து ஆள் எத்தனை கட்டினார் என்று எட்டிப் பார்த்து, அதைவிட ஒன்று குறைத்துக் கட்டினார்கள். அப்படியும் பாண்டிலட்சுமி முந்திவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் புருஷன் ராக்கப்பன் ஓடிவந்து கும்பிட்டான்.

"பிள்ளைகுட்டிக்காரிங்க. குக்கரெல்லாம் வேண்டாம், அவள விட்டுருங்க."

சபரிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளக்கூடத் தெரியாத ஊரா இது? அடையாள அட்டையில் இருந்த அவள் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தான். கடைக்காரர் கேட்காமலேயே சந்தன மாலையும் போட்டு அனுப்பியிருந்தார். போனில் சத்தம் போட்டான்.

"உங்க கம்பெனிப் படம்னா எப்பவும் மாலையோடதான கேப்பாக?" என்றார் அவர் நிதானமாக.

இந்த ஊரில் சொன்னதைச் சொன்னபடி செய்ய ஓர் ஆள் கிடையாது. மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, சுத்தியலோடு ஆபீசுக்குள் நுழைந்தான். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் இரண்டே நாள். சுவரில் மாலை போட்ட ஆறு படங்கள் வரிசையாக இருந்தன. மாமனாரின் முன்னோர்கள். வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவன் நாற்காலியில் உட்காருவான்.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அய்யம்மாளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இந்தப் படத்தைக் கொஞ்சம் பிடிங்க. மாமா வீட்டுப் பெரியவங்க வரிசையிலேயே உங்க ஆளையும் மாட்டுறேன். இந்த மரியாதையைப் போய் வேணாங்கிறீங்களே, வேகமா வேலை பாக்குறதோட அருமை இங்க யாருக்காவது தெரியுமா?"

அய்யம்மாள் படத்தை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மொதலாளி வீட்டுப் பெரியவுகளா? அந்த ஆறு பேரும் இங்கன வேகமா வேல பாத்தவுகய்யா."