கைக்குக் கனமான வலை

கடலைக் கண்ணால் பார்க்காமலேயே கடலுக்காகத் தூக்கம் கெட்ட ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் இழுவை அண்ணன்தான். அவருக்குத் தெரிந்த சமுத்திரம் வண்டியூர்த் தெப்பக்குளம். அதிலும் பாதி நாள் தண்ணீர் இருக்காது, பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நைலான் நூல் மில்லில் டெஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்ந்தேன். இறால் பிடிக்கிற விசைப்படகுகள் கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் வலைகளை நூல் முறுக்கிப் பின்னி அனுப்புகிற மில் அது. அண்ணன் அங்கே முறுக்குப் பிரிவில் மேஸ்திரி. எந்நேரமும் எதையாவது தண்ணீரில் போட்டு இழுத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் கட்சி இதுதான்: வலை நூல் மெல்லிசாக இருக்க வேண்டும், ஆனால் அறுந்துபோகக் கூடாது. அப்போதுதான் எஞ்சின் திணறாது, டீசல் மிச்சமாகும். இதைக் கேண்டீனில் அவர் விளக்குகிற அழகே தனி.

"வேட்டியக் கட்டிக்கிட்டுக் கம்மாயில இடுப்பளவு தண்ணியில நட. அப்பறம் கோவணத்தோட நட. எது லேசு? அம்புட்டுதான் மாப்ள சங்கதி!"

ஞாயிற்றுக்கிழமையானால் வாய்க்காலுக்குப் போய்விடுவார். கனத்த வலையில் ஒரு துண்டு, மெல்லிய வலையில் ஒரு துண்டு, கையில் ஒரு வில்தராசு. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, கரையோடு நடந்து இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வார். துணி துவைக்கிற பெண்கள் கேட்பார்கள்.

"அண்ணே, மீனு எம்புட்டு விழுந்துச்சு?"

"மீனு எதுக்குத்தா? இழுவைதான் வேணும்!"

அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

எங்கிருந்தோ உறுதியான இழை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டி, பழைய நூலில் பாதிப் பருமனுக்கு ஒன்றை முறுக்கிவிட்டார். பலத்தைக் காட்ட அதிலேயே ஊஞ்சல் கட்டி, நூற்றுப்பத்துக் கிலோ கேண்டீன் மாஸ்டரை உட்கார வைத்து ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தில் மாஸ்டர் தரையில் கிடந்தார். கூடவே கூரைக் கொக்கி, கொஞ்சம் காரை, ஒரு பல்லி. மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலற, அண்ணன் நூலைத் தூக்கிக் காட்டினார்.

"கொக்கிதான்டா போச்சு! நூலு அந்துச்சா பாருங்கடா!"

மேனேஜருக்கு இதெல்லாம் கசப்பு. நாங்கள் விற்பது கிலோக் கணக்கில். வலை லேசானால் யாவாரம் படுத்துவிடும் என்பது அவர் பயம். அண்ணன் விடாமல் நச்சரிக்கவும், கடைசியில் சொன்னார்: "ஒரே ஒரு படகுக்கு அனுப்பிப் பாப்போம். டீசல் கொறஞ்சா மெல்லிசு நூலுக்குத் தனிப் பிரிவு, நீதான் அதுக்குத் தலைவன். இல்லேன்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

அண்ணன் அன்றைக்கு எனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார்.

வலை போக வேண்டிய படகு முதலாளி எங்கள் பழைய வாடிக்கையாளர். வலையைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். சோதனைக்கு ஒத்துக்கொண்டவர், போகும்போது என் மேஜையருகே நின்றார்.

"தம்பி, வலைன்னா கைக்குக் கனம் தெரியணும். கொசுவலை கணக்கா எதையாச்சும் அனுப்புன, ஒம் பேரச் சொல்லியே ஒங்க மில்லு மொதலாளிக்கு எழுதிப்புடுவேன்."

எனக்கு வேலை நிரந்தரமாக ஒரு மாதம் பாக்கி.

அண்ணன் வலையைத் தன் கையாலேயே மடித்துக் கட்டி, அதற்கு விபூதி பூசி, கும்பிட்டுவிட்டு, "பத்திரமா அனுப்பு மாப்ள" என்று என்னிடம் ஒப்படைத்தார். அவர் தலை மறைந்ததும் அந்த வலையைக் கோடவுனில் சாக்குகளுக்கு அடியில் திணித்தேன். பழைய கனத்த வலை ஒன்றைக் கட்டினேன். அதற்கும் கொஞ்சம் விபூதி பூசினேன். லாரியில் ஏற்றிவிட்டேன். வெட்கக்கேட்டை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்: அப்போது என்னைப் பெரிய புத்திசாலி என்றே நினைத்துக்கொண்டேன். படகு முதலாளி 'வலை நன்று' என்று எழுதுவார், அண்ணனும் குளிர்ந்துபோவார், என் வேலையும் தப்பும். அண்ணன் கேட்டது டீசல் கணக்கு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மேனேஜர் அதை அண்ணனிடமே கொடுத்து, எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொன்னார்.

"வலை கைக்கு நல்ல கனம். திருப்தி. டீசலில் வித்தியாசம் ஏதுமில்லை."

அண்ணன் 'நல்ல கனம்' என்பதை மட்டும் இன்னொரு தடவை, சத்தமில்லாமல், உதட்டுக்குள் படித்தார். தான் முறுக்கிய வலையை ஒருத்தரும் அப்படிச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். நான் டெஸ்பாட்ச் நோட்டைத் திறந்து, எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"என்னய்யா சொல்ற இப்ப?" என்றார் மேனேஜர்.

"எங் கணக்குத்தான் தப்பாப் போச்சு சார்."

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன்.

சாயங்காலம் வாசலில் நின்று, "வா மாப்ள, டீ குடிப்போம்" என்றார். கடையில் நான், "அண்ணே, அந்த வலை..." என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்கு அடுத்த வாரம் பெர்மனென்ட் ஆர்டர் வருதுல்ல? பேசாமக் குடி."

குடித்தேன். காசும் அவர்தான் கொடுத்தார்.

சில வருஷங்களில் வேறு ஊர் மில்கள் லேசான வலைகளைக் கொண்டுவந்தன. டீசல் விலை ஏற ஏற, படகுக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். எங்கள் மேனேஜரும் தனிப் பிரிவு தொடங்கி, வெளியூரிலிருந்து ஒருவரைத் தலைவராகக் கூட்டிவந்தார். அண்ணன் பழைய இடத்திலேயே கனத்த நூலை முறுக்கி, அங்கேயே ஓய்வு பெற்றார். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் எழுந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது பத்திரிகையில் எழுதுகிறேன்: உங்க கணக்கு சரிதாண்ணே. தப்பாப் போனது நான்தான்.