மொட்டை மாடி நீதிமன்றம்

சேக்காடு,
ஞாயிறு, பூசைக்குப் பின்.

மதிப்பிற்குரிய கிறிஸ்துராஜ் அண்ணனுக்குத் தங்கை சபீனா எழுதுவது. இங்கு அவரும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமென்றே நம்புகிறேன். போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள், ஆகவே கடிதம்.

நிர்வாகச் சட்டத் தாளில் இந்த முறையும் தேறாவிட்டால் சட்டக் கல்லூரியை விட்டுவிடுவதாக உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் தேர்வு. தேறுவேன். ஒருவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக உத்தரவு போடக் கூடாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்ற இரண்டு விதிகளும் தூக்கத்தில்கூட வருகின்றன. படித்ததோடு நின்றிருக்கலாம். மாடியில் துணி உலர்த்தக் கூடாதென்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் உலகநாதன் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார். எங்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சண்டைக்கே வரவில்லை. "கரெக்ட் மேடம். இனிமே எல்லாத்தையும் விசாரிச்சுத்தான் முடிவு. நீங்களே விசாரிங்க" என்று, நான் வழக்கமாகப் படிக்கும் தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே நாற்காலிகளைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரு பக்கம் படித்தேனில்லை. கீழ்வீட்டு ராஜம்மா வந்து, "இன்னாம்மா, மேலூட்டு ஏசி தண்ணி எம் பொடவை மேலயே ஊத்துது, கேக்க மாட்டியா?" என்றார். மேல்வீட்டு நிர்மலைக் கேட்டால், "பில்டரோட தரப்பையும் கேக்கணும்ல மேடம்?" என்கிறான். பில்டர் போனையே எடுப்பதில்லை. பிறகு நிர்மலின் நாயை லிஃப்டில் ஏற்றலாமா என்றொரு வழக்கு. நாயும் ஆஜர். அது என் பாடப் புத்தகத்தின் மேல் படுத்து, விசாரணை முடியும்வரை எழவில்லை.

"பாரும்மா, ஒன்ன வுட அது நல்லா படிச்சிகினு கீது" என்றார் ராஜம்மா.

நான் அசரவில்லை, அண்ணா. எதிர்த்தரப்பைக் கேட்பதுதான் நியாயம். எந்த நெருக்கடியிலும் அதை மீற மாட்டேன். அண்ணிக்கு என் அன்பு. மாதாவின் காவல் உங்கள் வீட்டை விட்டு விலகாதிருக்கட்டும்.

உங்கள் தங்கை
சபீனா

பி.கு.: இந்த மாடி யாருக்கு என்ற வழக்கை மதியம் நானே தொடுத்து, நானே விசாரித்து, வேறு யாரையும் கூப்பிடாமல் எனக்கே தீர்ப்பளித்து, கதவுக்கு இந்தப் பக்கம் தாழ் போட்டுவிட்டேன். "எங்க தரப்பையும் கொஞ்சம் கேளுங்க மேடம்" என்று உலகநாதன் தட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் உங்களுக்குப் போன் செய்தால் எடுக்க வேண்டாம். தட்டுகிற சத்தத்தில் பாடம் நன்றாகவே ஏறுகிறது.