ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டை

கீழப்பாவூர்க் குஸ்திக் கோதாவில் எதிராளி பாய்ந்து வந்த நேரம் பார்த்துக் குத்தாலிங்கம் கொட்டாவி விட்டார். வாயை மூடுவதற்குள் அவர் முதுகு மண்ணில் கிடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அது அவருடைய மூன்றாவது தோல்வி. மூன்றுக்கும் தூக்கம்தான் காரணம். ஒரு சொம்பு பாதாம் பால் உள்ளே இறங்கினாலே கண் சொருகிவிடும். அவருடைய ஊரான இலஞ்சியில் சாரல் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஆடி மாதம் இலஞ்சியிலேயே ஒரு குஸ்தி ஏற்பாடாகியிருந்தது. எதிராளி புனலூர்ப் பயில்வான். இந்தப் பக்கம் யாரும் அவரைப் பார்த்ததில்லை. இதிலும் தோற்றால் லங்கோட்டை மடித்து வைத்துவிட்டு மாமனாரின் வயலுக்கு மடை பார்க்கப் போகவேண்டியதுதான் என்று மனைவி பேராச்சி சொல்லிவிட்டாள்.

தென்காசியில் காப்பி கிளப் வைத்திருந்த நமசிவாயம்தான் வழி சொன்னார். பயிற்சிக்கு அரை மணி முன்னால், பால் கலக்காத டிக்காஷன் ஒரு தம்ளர். முதல் நாளே நூறு தண்டால் எடுக்கிறவர் முந்நூறு எடுத்தார். கர்லாக்கட்டை கையில் இருப்பதே தெரியவில்லை. மறுநாள் இரண்டு தம்ளர். பத்தாம் நாள் ஆறு.

அதற்குப் பிறகு தூக்கம் அடியோடு போயிற்று. தூங்காததால் உடம்பு தளர்ந்தது. தளர்ச்சி போக இன்னும் இரண்டு தம்ளர் கூட்டினார். கை நடுங்கி டிக்காஷன் சிந்தியது. அதனால் தம்ளரை விட்டுச் சொம்புக்கு மாறினார்.

விடிந்ததும் தென்னந்தோப்பில் தனியாகப் பயிற்சி செய்வது அவர் வழக்கம். ஒரு நாள் தொடையைத் தட்டிவிட்டு நின்றபோது தோப்புக்குள்ளிருந்து பதிலுக்கு ஒரு தட்டல் கேட்டது. மலையில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் கேட்டது. மூன்றாம் நாள் அவர் கையை ஓங்கினார். தட்டுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

காப்பிச் சூடு தலைக்கு ஏறிவிட்டது, ஐந்தருவியில் நின்றால் இறங்கிவிடும் என்று பேராச்சி அவரை வண்டி கட்டி அழைத்துப்போனாள். அருவியில் நல்ல தண்ணீர். தலையைக் கொடுத்து நின்றார். கனத்த ஆள் ஒருவர் தோளோடு தோள் உரசி வந்து நின்றார். தண்ணீர் மறைத்ததில் முகம் தெரியவில்லை. அந்தத் தோள் மட்டும் அருவியைவிடக் குளிர்ந்திருந்தது. குத்தாலிங்கம் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த ஆளும் கூடவே நகர்ந்தார்.

ஈரத்தோடு வந்தவரிடம் பேராச்சி துண்டை நீட்டினாள்.

"அருவியில ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்கு அப்படி நவுந்து நவுந்து இடம் குடுத்திய?"

குத்தாலிங்கம் துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். அன்றோடு காப்பியை நிறுத்தினார். நிறுத்தியதும் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. குஸ்திக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பார்க்க வந்த நமசிவாயம், தண்ணீராகக் குடித்ததுதான் தப்பு, கொட்டையாக மென்றால் ஒன்றும் செய்யாது என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

குஸ்தியன்று மத்தியானம் ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டையை அப்படியே வாயில் போட்டு மென்றார். நெஞ்சுக்குள் தவில் அடித்தது. பேராச்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தோத்தாலும் பரவால்ல. வயலுக்கும் போவ வேண்டாம். இன்னைக்கு மட்டும் வீட்டுல இருங்க."

"நான் அங்கன போகலன்னா அவன் இங்கன வந்துருவான்," என்றார் குத்தாலிங்கம்.

யார் என்று அவள் கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

சாயங்காலம் நாலு மணி. மூட்டம் போட்டு வெளிச்சம் மங்கியிருந்தது. கொட்டகை நிறைய ஜனம். அவர் கோதாவுக்குள் இறங்கியபோது புனலூர்ப் பயில்வான் ஏற்கெனவே எதிரே நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் ஈரம். அவர்தான் முதலில் தொடையைத் தட்டினார்.

பிடி விழுந்ததும் ஜனம் சிரித்தது. எதிராளியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று குத்தாலிங்கத்துக்கு உற்சாகம் பிறந்தது. கழுத்தை வளைத்தார், வழுக்கியது. காலை வாரினார், கால் அகப்படவில்லை. சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று. கொட்டாவி வராததே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது அவருக்கு.

பிறகு குளிர்ந்த கைகள் இரண்டு அவர் இடுப்பைச் சுற்றின. பாதம் மண்ணை விட்டது. சிரிப்பு சட்டென்று நின்றது. கொட்டகையின் ஓலைக் கூரை மெதுவாக அவர் முகத்தை நோக்கி இறங்கி வந்தது. அடுத்த நிமிஷம் முதுகில் மண் அறைந்தது. நெஞ்சின் மேல் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது.

பாரம் விலகிக் கண்ணைத் திறந்தபோது எதிராளியைக் காணோம். கொட்டகையிலும் ஜனம் இல்லை. செருப்புகளும் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. ஜெயித்தவரை ஊர்வலமாக அழைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. நடுவர் ஒலி முகம்மது மட்டும் மூலைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தோற்றவன் முறைப்படி நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? குத்தாலிங்கம் எழுந்து உட்கார்ந்து, மண்ணைத் துடைத்துக்கொண்டு, புனலூர்க்காரருக்குத் தன் வணக்கத்தைச் சொல்லும்படி நடுவரைக் கேட்டுக்கொண்டார்.

ஒலி முகம்மது கம்பத்தை விடாமலே சொன்னார்.

"அவரு இன்னும் ஊருக்கே வரல அண்ணாச்சி. நீங்க ஒத்தையில உருளுதியன்னுதான் எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தோம், ஏதோ ஒண்ணு ஒங்களத் தரையிலேருந்து தூக்குனப்பதான் ஓடிட்டாவ."