கெட்டிமேளத்துக்கு ஒரு அப்டேட்

ஓடுகிற எதையும் சும்மா விடக்கூடாது என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. விசிறி நன்றாகச் சுற்றினால் கழற்றி எண்ணெய் விடும். கடிகாரம் சரியாக ஓடினால் திறந்து பார்க்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். (இப்போது திருந்திவிட்டேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.)

போர்ட் பிளேரில் என் அலுவலகத்தில் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் கம்ப்யூட்டர் மேதை என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் மச்சான் சேகர், சென்னையிலிருந்து கப்பலேறிய ஒரு தெரிந்தவர் கையில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். டிவியில் மாட்டினால் இணையத்திலிருந்து படம் வருமாம். மெயின்லாண்டில் வரும். எங்கள் தீவில் அன்றைய இணையம் செயற்கைக்கோள் வழியாக, அதற்கு மனசிருந்தால் வரும். மேகம் கூடினால் அந்த மனசும் போய்விடும். ஆகவே கப்பலில் வரும் ஹார்டு டிஸ்கைச் செருகி, அதிலுள்ள படத்தைக் காட்டுவது மட்டுமே இங்கே பெட்டியின் வேலை. அதை ஒரு குறையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

அந்த முறை ஹார்டு டிஸ்கில் வந்தது சேகரின் கல்யாணம்.

கல்யாணம் கூடலூரில், பெண் வீட்டில் நடந்தது. சேகரைப் பெற்ற என் மாமியார் பாக்கியம் அங்கே இல்லை. அவர் நிக்கோபாரில் கட்சால் தீவில் இருந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் தனியாக இருப்பவர். கடல் கொந்தளித்ததில் கட்சால் கப்பல் ரத்தாகிவிட்டது. போர்ட் பிளேரில் நின்ற சென்னைக் கப்பல் அவருக்காகக் காத்திருக்கவில்லை. மகன் தாலி கட்டிய நேரத்தில் அவர் பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்சால் கப்பல்துறையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

சில மாதம் கழித்துக் கண் காட்டுவதற்காகப் போர்ட் பிளேர் வந்தார். திரும்பும் கப்பல் திங்கள் காலை. ஞாயிறு மத்தியானம் வீடியோ போடுவது என்று என் மனைவி வசந்தி முடிவு செய்தாள். (கல்யாணத்துக்குப் போய்வந்தது அவள் மட்டும்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை.) சும்மா போடுவதில்லை. அக்கம்பக்கம் எல்லாருக்கும் அழைப்பு, இலைச் சாப்பாடு, பாயசம். அத்தை அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. கட்சாலில் அவர் வீட்டு டிவி பழசு, எதையும் செருக அதில் இடமே கிடையாது. அவர் இங்கே பார்த்தால்தான் உண்டு.

சனிக்கிழமை நான் ஓட்டிப் பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது. ஐயர் வாயை மூடிய பிறகு மந்திரம் கேட்டது. அதையாவது மன்னிக்கலாம். சேகர் தாலி கட்டுகிறான், நாத்தனார் முடிச்சை வசந்தி போடுகிறாள், நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புகிறது, சத்தத்தைக் காணோம். எல்லாரும் அட்சதை போட்டு முடித்துக் கையைத் தட்டிவிட்டுக்கொள்ளும்போது கெட்டிமேளம் கொட்டுகிறது. மகன் கல்யாணத்தையே பார்க்காத தாய்க்கு, மேளமில்லாமல் ஏறும் தாலியையா காட்டுவது?

வசந்தியிடம் சொன்னேன். "படம் ஓடுதுல்ல? விட்டுருங்க," என்றாள்.

சேகருக்குப் போன் செய்தேன். பெட்டியோடு அனுப்பிய பென்டிரைவில் பிளேயரின் புதிய பதிப்பு இருக்கிறது, அதில் சத்தம் சரியாகலாம், ஆனால் உங்கள் ஊர் இணையத்தை நம்பி அதில் கை வைக்காதீர்கள் என்றான். 'சரியாகலாம்' வரை கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தீவுக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. கப்பலில் வந்ததை வேண்டாம் என்று சொல்லமாட்டான். அடுத்த கப்பலில் வெங்காயம் வருமோ வராதோ என்று அழுகலையும் சேர்த்து மூட்டையாக வாங்குவான். மெயின்லாண்டிலிருந்து கடல் தாண்டி வந்த புதிய பதிப்பைச் சும்மா வைத்திருப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. ஞாயிறு காலை, வசந்தி பாயசத்துக்குத் தேங்காய் துருவும் நேரம் பார்த்துச் செருகினேன்.

பழையது அழிந்தது. புதியது ஏறியது. ஏறியதும், இணையத்தில் தன் எஜமானரைக் கேட்காமல் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று திரையில் ஒரு நீலக் கோட்டைப் போட்டது. அந்தக் கோடு வலது ஓரத்தைத் தொட்டால் திறக்கும். அது இடது ஓரத்தைவிட்டு நகர மனமில்லாமல் நின்றது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அதன் நகல் என்னிடம் இல்லை.

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அத்தை பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் டிவி அருகில் நின்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் தாதா கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "ஜஹாஜ் கஹான் தக் ஆயா, பாய்?" என்று விசாரித்தார். கப்பல் எதுவரை வந்திருக்கிறதாம். இன்னும் சென்னை ஹார்பரைக்கூடத் தாண்டவில்லை என்று பின்வரிசையிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

வேறு ஊராக இருந்தால் எழுந்து போயிருப்பார்கள். இவர்கள் கப்பலுக்குக் காத்திருந்தே பழகிய சனம். சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தார்கள். ஒருவர் துண்டை விரித்துப் படுத்தும்விட்டார். பாதி தூரம் வந்த கோடு, மழை பிடித்ததும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. அலைக்குப் பயந்து ஹார்பருக்குத் திரும்பிவிட்டது என்றார் தாதா. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு கப்பல்துறையில் அவரை நானே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, கெட்டிமேளம் தாமதமாக வந்ததை, அதைச் சரிசெய்யப் போய் எல்லாவற்றையும் கெடுத்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

"மேளம் லேட்டுன்னா இம்புட்டும் செஞ்சீங்க? கப்பலு லேட்டு, பெத்தவ நானே லேட்டு. மேளம் மட்டும் என்னாத்துக்கு மாப்பிள்ளை நேரத்துக்கு வரணும்?"

வசந்தி டிவியை அணைத்தாள். அதன் முன்னால் நின்று, வேண்டுமென்றே எனக்கு முதுகைக் காட்டியபடி, கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பெண் எப்படி வந்தாள், சேகருக்கு எப்படி வேர்த்தது, சம்பந்தி யாரோடு சண்டை போட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தமிழ் தெரியாத தாதா எல்லா இடத்திலும் தலையாட்டினார். தாலிக்கு வந்ததும் அவள் கையை உயர்த்தினாள். அத்தை பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் கொட்ட ஆரம்பித்தார். கையில் கிடைத்ததை ஆளாளுக்குத் தட்டினார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கல்யாணத்தில் கெட்டிமேளம் சரியான நேரத்துக்கு வந்தது. அத்தை அழுதார். நானும்தான்.

அடுத்த லீவில் சேகர் வந்து பழைய பதிப்பையே ஏற்றிவிட்டான். அத்தையும் வந்து வீடியோவைப் பார்த்தார். சத்தம் இன்றுவரை பின்னால்தான் வருகிறது. அதைப் போடும்போதெல்லாம் ஆளுக்கொரு தட்டோடு உட்காருவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

போன வருடம் என் மூத்த மகளுக்குக் கல்யாணம், போர்ட் பிளேரிலேயே. அத்தை எந்தக் கப்பலையும் நம்பாமல் ஒரு மாதம் முன்பே வந்துவிட்டார். மேளம், நாதஸ்வரம், மைக் எல்லாம் பிரமாதமாக இருந்தன. தாலி கட்டும் நேரத்தில் பார்த்தால், முதல் வரிசையில் பட்டுப்புடவை மடியில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் தயாராக இருந்தன. சம்பந்தி அம்மாள் குழம்பிப்போய் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாராம் அத்தை. "மேளக்காரங்க கிட்ட எங்க மாப்பிள்ளை காலையில பேசிக்கிட்டு நின்னாரு."