அறுபத்து நாலு சதவீதத்தில் நின்ற கம்ப்யூட்டர்

அன்புள்ள என் மனைவிக்கு,

இவ்விடம் நானும் வீடும் சௌக்கியம். அவ்விடம் நீயும், நம் மகளும், பிறந்து இருபத்தாறு நாளே ஆன பேத்தியும், மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் கூப்பிட்டால் மாப்பிள்ளை மரியாதைக்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அத்தனை பேர் நடுவில் "சாப்பிட்டீங்களா?", "சாப்பிட்டாச்சு" என்பதைத் தவிர என்ன பேச முடிகிறது? நீ போன இரண்டு மாதமாக நாம் வேறெதுவும் பேசவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. உன் கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று, "அது பக்கம் மட்டும் போகாதீங்க" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. தூசி தட்டத்தான் போனேன். உன் நாற்காலி காலியாகக் கிடந்தது, சற்று உட்கார்ந்தேன், உட்கார்ந்தபின் சும்மா இருப்பானேன் என்று ஆன் செய்தேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே மாற்றிக்கொள்ளலாமா என்று மிகவும் பணிவாகக் கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டு எத்தனையோ காலமாயிற்று. சரி என்று தட்டிவிட்டேன். அறுபத்து நாலு சதவீதம் வரை நல்ல பிள்ளையாக ஏறி, அங்கேயே ஒன்றரை மணி நேரம் நின்றது. முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். நடுவில் நின்றுபோன எதையும் மெயினை அணைத்துப் போட்டுத்தான் பழக்கம். அணைத்தேன், போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி வந்தது. காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துப் பலமுறை படித்ததில் சாரம் புரிந்தது: எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. நீ போனதிலிருந்து காலையில் எழுந்ததும் எனக்கும் அதே நிலைதான் என்பதால் அதன் மேல் கோபம் வரவில்லை.

மாடி வீட்டு இன்ஷூரன்ஸ்காரரைக் கூப்பிட்டேன். பார்த்தவுடன், "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார், பார்மட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்.

"பார்மட்னா?"

"உள்ள இருக்கிறதை எல்லாம் சுத்தமா துடைச்சிடறது."

கண் தெரியாத பிள்ளைகளுக்காக நீ பதினோரு வருஷமாகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்ததெல்லாம் அதற்குள் அல்லவா இருக்கிறது? இந்த வருஷத்துப் பாடங்கள் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை ஒயரோடு பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "வேணாங்க, பழசாவே இருக்கட்டும்" என்றேன். அவருக்கு மனம் கோணிவிட்டது. மறுநாள் பெட்டியைப் போர்வையில் சுற்றி பஸ் ஏறினேன். ஒரு அம்மாள் பதறி எழுந்து இடம் கொடுத்தார். போர்வைக்குள் எட்டிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரிப்பேர் கடைக்காரப் பெண்ணுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். "பாதியில கரண்ட்டைப் புடுங்கினீங்களா சார்?" என்றாள்.

"புடுங்கலம்மா. அணைச்சுப் போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ உள்ள இருந்ததெல்லாம்?"

"அது அப்படியேதான் இருக்கும். ஆரம்பிக்கிற இடம்தான் கெட்டுப்போயிருக்கு. முதல்ல எல்லாத்தையும் வெளிய எடுத்துடுவோம், அப்புறம் இதைப் பார்த்துக்கலாம்."

ஒரு பென் டிரைவைச் செருகி, அதை வைத்தே கம்ப்யூட்டரை எழுப்பினாள். நீ பேர் எழுதி அடுக்கியிருந்த பாடங்கள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் மாற்றிவிட்டு, "நல்லா கேக்குதான்னு பார்க்கலாமா?" என்று ஒன்றைத் தட்டினாள்.

கடை முழுக்க உன் குரல். "எரிமலை வெடிக்கும்போது பூமிக்கு அடியில் உள்ள பாறைக் குழம்பு..." கேட்கிற பிள்ளையின் உள்ளங்கையில் ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கொடுப்பது போல, அவசரமே இல்லாத குரல். பதினோரு வருஷம் அடுத்த அறையில் இருந்தும் இதை நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. திடீரென்று நடுவில் ஒரு கர்ணகடூரமான ஆண்குரல்: "என் கண்ணாடி எங்க?" அதற்கு நீ, "தலை மேல பாருங்க." பிறகு, "ஐயோ, இதுவும் ரெக்கார்ட் ஆயிடுச்சே" என்று ஒரு சிரிப்பு.

கடைக்காரப் பெண்ணும் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "அடுத்ததும் போடவா சார்?" என்றாள்.

"போடும்மா."

ஏழு பாடம் கேட்டேன். எரிமலைக்கும் நிலநடுக்கத்துக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஒருவனை அந்தக் கடைக்கு வந்தவர்கள் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் புது சிஸ்டத்தோடு பெட்டி வீடு வந்தது. இந்த வருஷத்துப் பாடங்களை அந்தப் பெண்ணே பள்ளிக்கு அனுப்பித் தந்தாள், எரிமலையைத் தவிர. அதை நீ திருத்திவிடுவாயோ என்று பயந்து, எனக்கென்று ஒரு பிரதி எடுத்து வாங்கிக்கொண்டேன்.

ஆகவே நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். மகளுக்கு உடம்பு தேறும் வரை, இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ, நிம்மதியாக இருந்துவிட்டு வா. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நான் அங்கே வந்து பிள்ளை பெற்ற வீட்டில் இடைஞ்சல் செய்வதாகவும் இல்லை. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்கு என் பேரில் நெற்றியில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
எல்லாம் நலமாக உள்ள
உன் கணவன்

பின்குறிப்பு: இதைப் போடத் தபால் நிலையம் வரை போனேன். போய்ச் சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். பஸ்ஸுக்கு ஒன்பது மணி நேரம்தான். எனவே கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். இதை நீ படிக்கும்போது எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். கொஞ்சம் நிமிர்ந்து பார்.